உப்பில்லாத சம்பல்

கண்டி
23 ஏப்ரல் 1989

அன்புள்ள கமலாசனிக்கு,

அக்கா சுகம், நான் சுகம், வீடும் சுகந்தான். நாட்டின் சுகத்தை நீர் லண்டனில் இருந்துகொண்டு வானொலியில் எங்களுக்கு முன்பே கேட்டுவிடுகிறீர், அதனால் அதை விட்டுவிடுகிறேன். பெப்ரவரியில் நீர் போட்ட கடிதம் போன கிழமைதான் கைக்கு வந்தது. தபால்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வேலைக்குப் போகக்கூடாது என்று ஒரு பகுதியார் சுவரில் ஒட்டுகிறார்கள். போகாவிட்டால் வீட்டுக்கு வருவோம் என்று சீருடை போட்ட மற்றப் பகுதியார் சொல்கிறார்கள். பெயர்களைக் கடிதத்தில் எழுதுவது புத்தியில்லை. இரண்டு பகுதிக்கும் நடுவில் அந்த மனிதர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறார்.

முதலில் ஒரு முறைப்பாடு. என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என் கூடப்பிறந்த பத்மாதேவி அக்காவை இங்கே வைத்துவிட்டுப் போனீர். அவருடைய கைப்பக்குவம் கெட்டுவிட்டது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் தெருமுனை வரை மணக்க மணக்கச் சமைத்த மனுஷி, இப்போது சில காலைகளில் உப்பே இல்லாமல் தேங்காய்ச் சம்பல் இடித்து வைக்கிறார். இன்னொரு நாள் தேத்தண்ணீரில் சீனி இல்லை. நான் சும்மா விடுவேனா? என் குணம் உமக்குத் தெரியும். "இது சம்பலா, தேங்காய்ப்பூவா" என்று கத்தினால், கோபிப்பதை விட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். "ஓமோம் தம்பி, மறந்துபோனன்" என்று உப்புப் போத்தலை நீட்டுகிறார். வயது போய் அறிவு தடுமாறத் தொடங்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. மூளை உமது இலாகாதானே, இதற்கு ஏதும் வழி சொல்லும்.

இனி நீர் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஒக்டோபரில் ஆராய்ச்சிச் சபையின் முன் பேச வேண்டும் என்றும், உமது வேலையை இன்னும் இரண்டு வருஷம் நடத்த விடுவதா, இத்தோடு நிறுத்துவதா என்று அன்றைக்குத்தான் தீர்மானிப்பார்கள் என்றும் எழுதியிருந்தீர். வலிப்பு வருவதை முன்கூட்டியே அறியலாம் என்ற எண்ணம் எங்கே தொடங்கியது என்று உமது பேராசிரியர் கேட்டாராம். நீர் ஆண்டுகளை மறந்துவிட்டீராம். உம்மைப் பற்றி என்னிடம் கேட்டால் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும்.

தொடக்கம் தெல்தெனியதான். பேராதனையில் வைத்தியம் படித்து முடித்த கையோடு உம்மை அங்கே ஆஸ்பத்திரியில் போட்டார்கள். அந்தப் பழைய தெல்தெனியவே இப்போது விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. மேலே தோட்டத்தில் இருந்து வேலாயி என்ற தாய் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்ததை நீர் எனக்குச் சொல்லியிருக்கிறீர். அடுப்படியில் இருந்த பிள்ளைக்கு வலிப்பு வந்து, அடுப்புக்குள்ளேயே விழுந்து, ஒரு கை வெந்துபோயிருந்தது. நீர் மருந்து கட்டிவிட்டு, இந்த நோயை முழுதாக மாற்றுவதற்கு எங்களிடம் வழியில்லை அம்மா என்று உண்மையைச் சொன்னீர். அதற்கு அவள், "மாத்த வேணாம் தாயி. எப்ப விழுவான்னு முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா போதும், அன்னைக்கு நான் அடுப்பே பத்த வைக்க மாட்டேன்" என்றாளாம். நீர் அன்று இரவு சாப்பிடவில்லை என்று சொன்னீர். வைத்தியப் புத்தகங்கள் எல்லாம் வலிப்பு வந்த பிறகு என்ன செய்வது என்றே பேசுகின்றன, அந்தத் தாய் கேட்டதற்கு ஒரு பக்கங்கூட இல்லை என்றீர். அது 1970. உமது பேராசிரியருக்கு இதைச் சொன்னாலே போதும் என்று நான் நினைக்கிறேன்.

அதற்கு அடுத்த வருஷம் நான் வருகிறேன். எங்கள் கலியாணம் பேசியபோது சாதகம் நன்றாகப் பொருந்தியது. எனக்கு வலிப்பு இருப்பதை மட்டும் எங்கள் வீட்டார் மறைத்தார்கள். தாலி ஏறின பிறகு சொன்னால் போதும் என்பது தரகருடைய அபிப்பிராயம். எனக்கு அது பிடிக்காமல், தெல்தெனிய ஆஸ்பத்திரி விலாசத்துக்கு நேரே எழுதினேன். ஒரு கிழமையில் பதில் வந்தது. அதில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. கடைசியாக எப்போது வந்தது, அதற்கு முதல்நாள் நித்திரை எப்படி, யாரோடும் சண்டை பிடித்தீர்களா, சாப்பாடு பிடித்ததா என்று இரண்டு பக்கத்துக்குக் கேள்விகள். நான் என் சீவியத்தில் எழுதிய முதற் காதல் கடிதம் அந்தக் கேள்விகளுக்கு எழுதிய விடைதான். நீர் இதை மறுப்பீர் என்று தெரியும், ஆனாலும் எழுதுகிறேன்.

1974 இல் இங்கிலாந்து போய் நரம்பியல் படித்தீர். அங்கேயே இருக்கச் சொன்னார்கள். உம்மோடு போன ஆட்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். நீர் திரும்பி வந்து, கண்டியில், மூளையின் மின்னோட்டத்தைத் தாளில் கோடு கோடாகக் கீறும் அந்த ஈ.ஈ.ஜி. இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டீர். அதன் மை படாத சேலை உமக்கு இருந்ததில்லை. ஆட்களைத் தலைமுழுகிவிட்டு வரச் சொன்னீர். பெண்கள் எல்லாரும் சொன்னபடி முழுகினார்கள். முழுகிக் காய்ந்த தலைக்கு வழக்கப்படி நன்றாகத் தேங்காயெண்ணெய் பூசி, வாரிப் பின்னிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி வாங்கில் வரிசையாக இருந்தார்கள். டொக்டரிடம் பரட்டைத் தலையோடு யார் போவார்கள்? எண்ணெய்த் தலையில் வயர் ஒட்டாது. தாதிமார் ஏசித் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். நீர் ஒரு பேசினும் சவர்க்காரமும் துவாயும் அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, உமது கையாலேயே அவர்களின் தலையைக் கழுவினீர். சிங்களத்தி, தமிழ்ப்பெட்டை, முஸ்லிம் பெண் என்று எத்தனை தலைகள். தலை கழுவும்போது அவர்கள் வாய் திறந்தார்கள். வலிப்புக்கு முதல்நாள் என்ன நடந்தது என்று அப்போதுதான் உமக்குச் சரியாகச் சொன்னார்கள். ஒருத்திக்குக் கொட்டாவி, ஒருத்திக்குக் காரணமில்லாத அழுகை. பெரிய டொக்டர் ஒருவர், இதற்குப் பேசாமல் சாதகம் பார்க்கிற சாத்திரியிடம் போய்ப் படித்திருக்கலாமே என்று கேட்டார். நீர் சிரித்துவிட்டு வந்து, வீட்டில் என் மேல் அந்தக் கோபத்தைத் தீர்த்தீர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இயந்திரம் சும்மா கிடக்கும். அப்போது நான்தான் உமக்கு ஆள். தலையெல்லாம் வயரோடு கிடந்து பேப்பர் படிப்பேன். கணித வாத்தியார் என்றபடியால் அந்தக் கோடுகளில் ஓர் ஒழுங்கைத் தேடித் தலையை உடைத்தேன். நீர்தான் என்னைத் திருத்தினீர். சுகமான மூளை கட்டுகஸ்தோட்டைச் சந்தை மாதிரி, ஒவ்வொருவரும் தன்பாட்டில் கத்திக்கொண்டிருப்பார்கள், அது நல்லது. எல்லாரும் மெல்ல மெல்ல ஒரே குரலுக்கு வரத் தொடங்கினால்தான் ஆபத்து என்றீர். ஒழுங்கு கூடும்போது பயப்பட வேண்டும் என்று எனக்கு ஒருவரும் படிப்பித்ததில்லை. நான் பிரமித்துப்போனேன். இப்போதும் அப்படித்தான்.

பிறகு அந்தக் கண்ணால் என் குணத்தையும் பார்த்தீர். எப்போதும் எதையாவது பிழை பிடித்துக்கொண்டிருக்கிற நான், வலிப்பு வருவதற்கு முன்னால் நல்ல பிள்ளையாகிவிடுகிறேனாம். தந்ததைத் தின்பேனாம், சொன்னதற்கு ஓம் என்பேனாம். மற்றப் பெண்கள் புருஷன் சண்டை பிடித்தால் கவலைப்படுவார்கள். நீர் நான் சண்டை பிடிக்காத நாளில் முகம் கறுத்துப்போய், எனக்கு லீவு போட வைப்பீர்.

எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தை நான் எழுதத் தேவையில்லை, ஆனால் சபைக்கு ஒன்று தெரிய வேண்டும். எங்கள் சிநேகிதர் மஹ்ரூப் கெலிஓயாவில் இருந்து தன் புடைவைக்கடை வானைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "மாஸ்டர், கைக்கு அம்பிட்டதை எடுத்துக்கொண்டு ஏறுங்க" என்றபோது, நான் சேர்ட்டிபிக்கேட்டுகளை எடுத்தேன். நீர் தலையணை உறைகளை உருவி, அவற்றுக்குள் ஈ.ஈ.ஜி. தாள்களை அடைத்தீர். உமது தாலிக்கொடி மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்து வீட்டோடு எரிந்தது. வானுக்குள் சீத்தைத் துணிக் கட்டுகளுக்குக் கீழே எங்கள் இரண்டு பேரையும் படுக்க வைத்தார் மஹ்ரூப். நீர் அந்த உறைகளை நெஞ்சில் அணைத்துக்கொண்டு கிடந்தீர். எனக்கு உண்மையில் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. கெலிஓயாவில் அவர் வீட்டில் கிடந்த அந்த நித்திரையில்லாத நாட்களில்தான் எனக்குக் கடைசியாக வலிப்பு வந்தது. ஊரடங்கு எடுத்த மறுநாளே நீர் ஆஸ்பத்திரிக்குப் போனீர். கண்டியை விட்டுப் போகாத டொக்டர் என்று சனங்கள் உம்மைச் சொல்வது அதற்குப் பிறகுதான். எங்கள் ஆட்களை எரித்த ஊரில் அவர்களுடைய தலையையே கழுவுகிறாளே என்று சொந்தக்காரர் எழுதினார்கள். யாருடைய தலையென்று கழுவும்போது தெரிவதில்லை என்று பதில் போட்டீர்.

ஆண்டுகளைக் கேட்டதற்கு இவ்வளவும் எழுதிவிட்டேன். மழை தொடங்குகிறது, யன்னலைச் சாத்த வேண்டும்.

உம்முடைய
தேவராசா


கண்டி
30 ஜூலை 1989

அன்புள்ள கமலாசனிக்கு,

உமது தந்தி வந்தது. ஓகஸ்ட் கடைசிக்கு விமானச் சீட்டுப் பார்க்கிறேன், ஆராய்ச்சியை விடப்போகிறேன் என்று இரண்டு வரியில் அடித்திருக்கிறீர். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார்.

வானொலியில் கேட்பது பொய்யில்லை. கடைகள் பூட்டு, பஸ் இல்லை, இரவில் லைட் போடக்கூடாது என்று சுவரில் ஒட்டுகிறவர்களின் கட்டளை. மகாவலி ஆற்றுப் பக்கம் நான் போவதில்லை, போனவர்கள் சொல்வதை எழுதவும் மாட்டேன். இம்முறை எங்களைத் தேடி வருகிற கலவரம் இல்லை இது. சிங்களப் பிள்ளைகளைத்தான் சீருடைக்காரர் கொண்டுபோகிறார்கள். என் வகுப்பில் படித்தவனுடைய தாய் ஒருத்தி ஒவ்வொரு காவலரணாகப் போய் மகனைக் கேட்டுக்கொண்டு திரிகிறாள். உமது சிகிச்சை நிலையத்துக்குக் கிழமைக்கு ஒரு டொக்டர் வந்தால் வருகிறார், இல்லாவிட்டால் இல்லை.

நீர் வந்து என்ன செய்யப்போகிறீர்? வாங்கில் இருக்கிற சனத்துக்கு நல்லதுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே உமது கையில் இருக்கும் வேலையை வேறு யார் முடிப்பார்கள்? நாள் முழுக்க ஆளோடு கூடவே போய், மூளையின் ஓட்டத்தைக் கசெற்றில் பதியும் அந்தப் பெட்டி இங்கே கிடைக்குமா? வலிப்பு வருவதற்கு முன்னான மணித்தியாலங்கள் உமக்கு அங்கேதான் அகப்பட்டிருக்கின்றன. ஒக்டோபர்ச் சபைக்கு நீர் போகாவிட்டால் உமது இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

என் வலிப்பு மாத்திரையைப் பற்றிப் போன கடிதத்தில் கேட்டிருந்தீர். இந்தியச் சாமான் ஒன்றும் விற்கக்கூடாது என்ற கட்டளைக்குள் மருந்தும் அடங்கிவிட்டது உண்மைதான். பார்மசிக்காரர் அலுமாரியைத் துடைத்து வைத்துவிட்டு, இல்லை மாஸ்டர் என்று கையை விரிக்கிறார். ஆனால் மஹ்ரூப் கொழும்பில் எங்கேயோ பிடித்துத் தருகிறார். எனக்கு ஒரு குறையும் இல்லை. சீட்டு எடுக்க வேண்டாம்.

உம்முடைய
தேவராசா


கண்டி
17 செப்டெம்பர் 1989

அன்புள்ள கமலாசனிக்கு,

சீட்டை ஒக்டோபருக்குத் தள்ளிவிட்டு யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்ற கடிதம் கிடைத்தது. அதை வாசித்து நிம்மதியாக இருந்த நேரத்தில்தான் இதை எழுத வேண்டி வந்திருக்கிறது. மஹ்ரூபின் மச்சான் லண்டன் வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். இருந்து வாசியும்.

எனக்குத் திரும்ப வந்துவிட்டது. இப்போது சுகமாக இருக்கிறேன். எழுத்தைப் பார்த்தாலே உமக்குத் தெரியும். நாக்கின் ஓரம் கடிபட்டது, அது ஆறுகிறது. எழுதாமல் விடுவோமா என்று ஒரு முழுநாள் யோசித்தேன். "நீ எழுதாட்டில் நான் எழுதுவன், எனக்கும் தமிழ் தெரியும்" என்று அக்கா சொல்லிவிட்டார்.

காரணத்தையும் சொல்கிறேன். மஹ்ரூப் மாத்திரை தந்தது உண்மை. போதுமான அளவு கிடைக்கவில்லை என்பதைத்தான் நான் எழுதவில்லை. பாதி பாதியாக உடைத்துப் போட்டு நாட்களை நீட்டினேன். கணக்குத் தெரிந்தவன் என்ற துணிச்சல். ஏசுவதென்றால் ஏசும், ஆனால் கடிதத்தில் ஏசும்.

நடந்தது இதுதான். கலகெதர முஸ்லிம் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்க ஆளில்லை, சனிக்கிழமைகளில் நான் போய் வருவது உமக்குத் தெரியும். போன சனிக்கிழமை பஸ் ஓடும் என்று கேள்விப்பட்டு வெளிக்கிட்டேன். அக்கா பிட்டும் சம்பலும் தந்தார். சாப்பிட்டேன். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினால் கேற்றில் பூட்டு. திறப்பு அக்காவின் இடுப்பில். "இண்டைக்கு நீ ஒரு இடமும் போகேல்லை" என்றார். வேறு நாளென்றால் நான் என்ன ஆட்டம் ஆடியிருப்பேன் என்று உமக்குச் சொல்ல வேண்டுமா? அன்றைக்கு, சரி அக்கா என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து கதிரையில் இருந்தேனாம். அதோடு அக்காவுக்கு நிச்சயமாகிவிட்டதாம். கும்பிடச் சாமி அறைக்கு ஓடவில்லை. முன்னறையில் இருந்த மேசையை இழுத்துச் சுவரோடு தள்ளி, பாயை விரித்து, என்னை அதில் இருத்தினார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. அக்கா சொன்னதைத்தான் எழுதுகிறேன். மத்தியானத்துக்கு முன் வந்தது. உமது சொற்படி என்னை ஒரு பக்கம் சரித்து, கழுத்துப் பொத்தானைக் கழற்றி, வாய்க்குள் ஒன்றையும் வைக்காமல், முடியும்வரை பக்கத்தில் இருந்திருக்கிறார். வலிப்பென்றால் கையில் இரும்புத் திறப்பைத் திணிக்கிற எங்கள் வீட்டு வழக்கம் உமக்கு ஞாபகம் இருக்கும். கேற்றுத் திறப்பு இடுப்பிலேயே இருந்தும் அதை எடுக்கவில்லையாம். கமலா கூடாது எண்டவ, நான் ஏன் எடுக்கிறன் என்று கேட்கிறார்.

கண் விழித்துக் கொஞ்சம் தெளிந்த பிறகு, எப்படித் தெரிந்தது அக்கா என்று கேட்டேன். "உப்புப் போடாமல் சம்பல் தந்தனான் தம்பி. நீ வாய் திறக்காமல் திண்டிட்டாய். நல்லாயிருக்கு எண்டும் சொன்னாய்" என்றார்.

கமலாசனி, எனக்கு விளங்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீர் போகிற கிழமை இரண்டு பேரும் குசினிக்குள் இருந்து குசுகுசுத்தது இதுதானா? கிழமையில் சில நாள் உப்பில்லாமல், சீனியில்லாமல் கொடுத்துப் பாருங்கோ மச்சாள், அவர் சத்தம் போட்டால் நல்ல சுகம், சத்தம் போடாவிட்டால் வெளியில் விடாதையுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனீராமே. எனக்குத் தெரிந்தால் நான் வேண்டுமென்றே கத்துவேன், பிறகு சோதனை பழுதாகிவிடும் என்றும் சொன்னீராமே. நான் அக்காவுக்கு அறிவு தடுமாறுகிறது என்று உமக்கே எழுதி, மருந்தும் கேட்டேன். நீரும் அதற்கு, வயது போனவர்கள் மறப்பது வழக்கம், பொறுமையாக இருங்கள் என்று கூசாமல் பதில் போட்டீர். இரண்டு பேருமாகச் சேர்ந்து எனக்கு நல்ல வேலை பார்த்திருக்கிறீர்கள். நீர் லண்டனுக்குப் போகுமுன்னே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தை என் குசினியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர். எனக்குக் கோபமும் வந்தது, அதை விடப் பெருமைதான் வந்தது.

அன்றைக்கு நான் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நீரே யோசிப்பீர் என்றபடியால் நான் மறைக்கவில்லை. அந்த நேரத்துக்குப் பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில்தான் நின்றிருக்கும். அங்கே சோதனைக்கு எல்லாரையும் இறக்கி, கையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடக்கச் சொல்கிறார்கள். நில் என்றால் நிற்க வேண்டும், வா என்றால் வர வேண்டும். சொன்னது கேளாமல் விறைத்து நின்று கை கால் உதறுகிற தமிழனைக் கண்டால் துவக்கோடு நிற்கிற பெடியன் என்ன நினைப்பான்? அவனுக்கு வலிப்பென்றால் என்னவென்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் உயிரோடு இருந்து இதை எழுதுகிறேன் என்றால், அது நீர் கண்டுபிடித்ததால்தான். உமது பெயரைப் பெரிய புத்தகங்களில் போடட்டும், போடாமல் விடட்டும். இந்த வீட்டில் அது பலித்துவிட்டது.

ஆனாலும் நான் கணித வாத்தியார், பொய்க்கணக்குச் சொல்ல மாட்டேன். அக்காவைக் குறுக்கு விசாரணை செய்தேன். இதற்கு முன்பும் இரண்டு தடவை நான் உப்பில்லாததைப் பேசாமல் தின்றேனாம். ஒரு முறை தலையிடி என்றும், இன்னொரு முறை பிள்ளையார் கோவிலுக்குத் துணை வேண்டும் என்றும் சாட்டுச் சொல்லி என்னை மறித்தாராம். அந்த இரண்டு நாளும் ஒன்றும் வரவில்லை. ஒன்று சரி, இரண்டு பிழை. இதைச் சபையில் சொன்னால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். எனக்குப் பரவாயில்லை, நான் ஒரு நாள் வீட்டில் கிடந்தால் என்ன குறை. ஆனால் அந்த வேலாயி சும்மா சும்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பட்டினி கிடக்க முடியுமா? ஒரு பெட்டையைச் சோதனை எழுத விடாமல் பொய்ப் பயத்தில் வீட்டில் பூட்டி வைக்கலாமா? உண்மையான நாளையும் பொய்யான நாளையும் பிரித்துச் சொல்ல அக்காவின் சம்பல் போதாது. அதற்குத்தான் உமது கசெற்றுப் பெட்டி வேண்டும். அது நீர் அங்கே இருந்தால்தான் வரும்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லாமல் போனதற்கு உமது ஆஸ்பத்திரியைத்தான் அவர் குற்றம் சொன்னார், உமது முகத்துக்கு நேரேயும் சொன்னார். இந்தக் கிழமை மஹ்ரூப் என்னைப் பார்க்க வந்தபோது, "எங்கடை கமலா சொன்னது ஒண்டும் பிழைக்காது" என்று அவரிடம் அக்கா சொல்லிக்கொண்டிருந்ததை நான் உள்ளே படுத்திருந்து கேட்டேன். மஹ்ரூப், "டொக்டரம்மா அங்கே இருந்துகொண்டே மாஸ்டரைப் பார்த்துக்கொள்றாங்க, அல்லாஹ் அவங்களுக்கு ஆயுளைக் கொடுக்கட்டும்" என்றார். முழு மாத்திரை இரண்டு மாதத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். இனிப் பாதியாக உடைக்க மாட்டேன். அக்கா மாத்திரையைத் தானே எண்ணித் தருகிறார்.

உப்புச் சோதனை இனிச் செல்லாது, எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா வேறு ஏதோ வைத்திருக்கிறாராம். என்னவென்று சொல்லமாட்டாராம். உமக்குத் தனியாக எழுதுவாராம். இந்த வீட்டில் எனக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

இனி நான் உம்மைக் கேட்பது ஒன்றுதான். வரவேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்தவுடன் நீர் உடுப்புப் பெட்டியை அடுக்கத் தொடங்குவீர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். ஒக்டோபரில் அந்தச் சபைக்குப் போம். நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, வழக்கம்போல் மெல்லிய குரலில் பேசாமல், தாதிமாரோடு பேசுகிற குரலில் பேசும். வலிப்பு வந்த பிறகு ஓடி வருகிற டொக்டர்மார் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வருமுன்னே வந்து நிற்கப் பார்க்கிற ஆள் எனக்குத் தெரிந்து நீர் ஒருத்திதான். நான் உமது புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை. உம்மிடம் தலையைக் கொடுத்துவிட்டு இந்த ஊரில் காத்துக்கொண்டிருக்கிற சனங்களில் நானும் ஒருவன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

பிள்ளையார் உமக்குத் துணை நிற்கட்டும். எடுத்த வேலை முடியட்டும். எனக்கு ஒன்றும் நடக்காது, அக்கா இருக்கிறார், மஹ்ரூப் இருக்கிறார். உமக்காக நான் பயப்படவில்லை, எனக்காகவும் நீர் பயப்படவேண்டாம். வரவேண்டாம் என்பதை எத்தனை தரம் வேண்டுமானாலும் எழுதித் தருவேன். ஆனால் இவ்வளவையும் மீறி ஒரு நாள் நீர் வந்து கேற்றில் நின்று கூப்பிட்டால் நான் சந்தோஷப்பட மாட்டேன் என்று எழுதச் சொன்னால் மட்டும், கமலாசனி, அதற்கு என் கை வராது.

உம்முடைய
தேவராசா